பின்கூடத்தில் ஆழ்ந்த ஆலோசனை

கலை பண்பாட்டு மன்றத்திடம் ஒரு சாவி கேட்டு மனுப் போட்டால், ஒன்று கொடுப்பார்கள், இல்லாவிட்டால் முடியாது என்பார்கள் என்றுதான் கத்தரி நினைத்திருந்தாள். இருபத்தாறு வயதுப் பெண் அப்படித்தானே நினைப்பாள்? அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

கத்தரி என்பது அவளுடைய நாடகக் குழு வைத்த பெயர். பகலில் அவள் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பாள். மாலையில் ஏழு பேரை வைத்து நாடகம் போடுவாள். நடிகர்கள் உயிரைக் கொடுத்துப் பேசும் நீள வசனங்களை ஈவிரக்கமில்லாமல் வெட்டிவிடுவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அண்ணி கூட வீட்டில் அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

இந்தத் தடவை நாடகம், ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவே நின்றுபோன ஒரு லிஃப்டுக்குள் ஏழு பேர் மாட்டிக்கொள்வது பற்றியது. கடைசியில் லிஃப்ட் விழும். அந்த இடத்தில் ஏழு பேரும் ஒரே சமயத்தில் எம்பிக் குதித்து, ஒரே சமயத்தில் தரையில் விழ வேண்டும். அண்ணன் குடியிருந்த வீட்டின் மொட்டைமாடியில் இதைப் பதினொரு தடவை ஒத்திகை பார்த்தார்கள். பன்னிரண்டாவது தடவைக்கு முன்னால் கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் மேலே ஏறி வந்தார். கையில் காபிக் கோப்பை. கோப்பைக்குள் அவருடைய கூரையின் ஒரு துண்டு.

"ஏழு பேரும் சேர்ந்து விழறதுக்கு ஊர்ல வேற இடமே இல்லையா?" என்று அண்ணி அன்றைக்குக் கத்தினாள். "இன்னொரு தடவை குதிச்சீங்கன்னா நாங்க குடும்பத்தோட தெருவுல விழணும்."

குழுவில் முக்கிய வேடம் பேக்கரிக்காரனுக்கு. விடியற்காலையில் மாவு பிசைந்துவிட்டு, பகலில் தூங்கி, மாலையில் ரொட்டி வாசனையோடு ஒத்திகைக்கு வருவான். வேறோர் ஊரில் பெரிய பேக்கரி ஒன்றிலிருந்து அவனுக்கு வேலை வந்திருந்தது. வருவதானால் இரண்டு மாதம் கழித்து வரும் முதல் தேதியன்று வந்து சேர வேண்டும்.

"நாடகம் நடந்தா நான் எங்கயும் போகல," என்றான் அவளிடம். "நடக்கலைன்னா, இங்க எனக்குன்னு என்ன இருக்கு? நீயே சொல்லு."

நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லாருடைய வசனத்தையும் வெட்டுகிறவள் அன்றைக்குத் தன்னுடையதையும் வெட்டிக்கொண்டாள். அதற்குப் பதிலாக, "இடம் நான் பிடிக்கறேன்," என்றாள்.

இடம் இருந்தது. மன்றத்தின் கட்டடத்தில் மேடைக்குப் பின்னால் ஒரு கூடம், மரத்தரை போட்டது, ஒத்திகைக்கென்றே கட்டியது. கதவில் ஒரு பலகை தொங்கும்: 'கட்டட உறுதி ஆய்வில் உள்ளது. உள்ளே நுழைவது உயிருக்கு ஆபத்து.' அந்தப் பலகைக்கே மூன்று தடவை பெயிண்ட் அடித்தாகிவிட்டது. கத்தரி ஐந்து வரியில் மனு எழுதினாள். மாலை ஆறு முதல் எட்டு வரை, ஏழு பேர், நாங்களே பெருக்கிக்கொள்வோம், உயிருக்கு நாங்களே பொறுப்பு, சாவி மட்டும் தந்து உதவவும்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. 'தங்கள் மனுவில் தலைமைப் பண்பு தென்படுகிறது. நேரில் வரவும்.'

போனாள். நீள மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர். நடுவில் மன்றத் தலைவர், வயது எண்பத்தொன்று. இருப்பதிலேயே இளையவர் இளையோர் செயலாளர். அவருக்கு ஐம்பத்தெட்டு. தலைமுடி மை மாதிரி கறுப்பு, காலில் விளையாட்டுச் சப்பாத்து, தொப்பியைப் பின்பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். மன்றத்தின் விதிப்படி, தலைவரைவிட இளையவர்கள் எல்லாரும் இளைஞர்கள். இத்தனை வருடம் அந்த விதியால் ஒரு குறையும் வந்ததில்லை. ஆனால் இந்த வருடம் மேலேயிருந்து உத்தரவு வந்திருந்தது: கலை பண்பாட்டு அமைப்புகளில் இளைஞர்களுக்கு உண்மையான தலைமை அதிகாரம் தர வேண்டும், அந்த இளைஞருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கக் கூடாது.

"முப்பதாம்!" என்று ஒரு கவிஞர் பெருமூச்சு விட்டார். "முப்பதுல எனக்கு நடக்கவே தெரியாது."

தலைவர் கத்தரியைக் கனிவோடு பார்த்தார். "இங்க பாரும்மா. இளைஞர்களுக்கு அதிகாரம் கொடுக்கறதுல எங்களுக்கு நாப்பது வருஷ அனுபவம். நாப்பது வருஷமா கொடுத்துக்கிட்டே இருக்கோம். இன்னும் ஒரு துளி குறையல, அப்படியே முழுசா இருக்கு."

"ரொம்ப நல்லது ஐயா. எனக்குப் பின்கூடத்துச் சாவி..."

"சாவி என்னம்மா, சாவி! உன்னை இந்த மன்றத்துக்கே இணைத் தலைவராப் போடறோம்."

பதினான்கு பேரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணன் வாயைப் பிளந்தான். "இணைத் தலைவருன்னா, நீ சொன்னா கேப்பாங்களா?" என்றாள் அண்ணி. கேட்பார்கள் என்றாள் கத்தரி. குழுவுக்கும் அதையே சொன்னாள். சாவி கேட்கப் போனவள், சாவி வைத்திருப்பவர்களுக்கே தலைவியாகத் திரும்பி வந்திருக்கிறாள். இனி என்ன கவலை? பேக்கரிக்காரன் அன்று ஒரு பை நிறைய பன் கொண்டுவந்தான்.

பதவியேற்பு விழா பெரிய மேடையில் நடந்தது. அவளுக்கென்று ஒரு நாற்காலி செய்திருந்தார்கள். மன்றத்தில் தலைவரின் தலைக்கு மேல் யார் தலையும் உயரக் கூடாது என்பது வழக்கம். தலைவர் வயதில் குறுகிப்போயிருந்ததால் அவள் நாற்காலியின் கால்களை அரையடி அறுத்திருந்தார்கள். உட்கார்ந்தால் முழங்கால் முகவாயை இடித்தது. ஏற்புரையை அவர்களே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் பத்தியில், 'இங்கே குரல் தழுதழுக்க வேண்டும்' என்று அடைப்புக்குறிக்குள் இருந்தது. கத்தரி அதில் முக்கால்வாசியை வெட்டிவிட்டு, நன்றி, பின்கூடத்தைத் திறக்க வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள். மறுநாள் மன்றத்தின் செய்தி மடலில் முழு உரையும் வந்திருந்தது. குரல் தழுதழுத்ததும் வந்திருந்தது.

தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். "இந்த மன்றத்தின் கதவுகள் இளைஞர்களுக்காக எப்போதும் திறந்தே இருக்கின்றன. ஆனால் முப்பது ஆண்டுகளாக ஒருவரும் உள்ளே வரவில்லை. இன்றைய தலைமுறைக்கு ஆர்வம் இல்லை. ஆகவேதான், தூசி படியக் கூடாது என்று கதவுகளைப் பூட்டி வைத்திருக்கிறோம்."

இன்னொரு வழக்கத்தையும் அன்றுதான் அவள் பார்த்தாள். தலைவர் இடத்தை விட்டு நகர்ந்தால் உறுப்பினர் யாரும் இருந்த இடத்தில் இருக்கக் கூடாது. மன்றத்தில் சேர்ந்த தேதிப்படி வரிசையாக அவர் பின்னால் நடக்க வேண்டும். விழா நடுவில் தலைவர் கழிவறைக்குப் போனார். பதின்மூன்று பேரும் எழுந்து வரிசையாகக் கழிவறை வாசல் வரை போய், நின்று, அவர் வந்ததும் வரிசையாகத் திரும்பி வந்தார்கள். கடைசியாகச் சேர்ந்தவள் என்பதால் கத்தரி கடைசியில் நடந்தாள்.

"முன்னாடியெல்லாம் கடைசி ஆள் நான்தான்," என்று இளையோர் செயலாளர் திரும்பி அவளிடம் சொன்னார். "இன்னிக்கு எனக்கு ஒரு ஆள் கிடைச்சிருக்கு." அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

கூட்டம் சனிக்கிழமைதோறும் பதினொரு மணிக்கு. போன வாரம் தலைவர் சொன்னவற்றைப் பாராட்டுவது முதல் பொருள். பாராட்டியதற்குத் தலைவர் நன்றி சொல்வது இரண்டாவது. அழைப்பிதழில் யார் படம் எவ்வளவு பெரிதாக வருவது என்பதற்கு ஒன்றரை மணி நேரம். 'இளையோர் கருத்து' என்பது ஏழாவது பொருள். ஒன்று ஐம்பத்தைந்துக்கு வரும். சரியாக இரண்டு மணிக்கு 'ஆழ்ந்த ஆலோசனை' தொடங்கிவிடும். அது நான்கு மணி வரை, மூத்தோர் மட்டும், மூடிய அறையில். நாட்டின் கலை எந்தத் திசையில் போக வேண்டும் என்பதையெல்லாம் அங்கேதான் முடிவு செய்வார்களாம். ஆகவே கத்தரியின் கையில் மொத்தம் ஐந்து நிமிடம் இருந்தது. அதில் இளைஞர்களின் குரலைக் கேட்க வேண்டியதன் அவசியம் பற்றித் தலைவர் நாலரை நிமிடம் பேசுவார்.

முதல் கூட்டத்தில் அவளால், "பின்கூடத்துச் சாவி வேணும்," என்று சொல்ல முடிந்தது. நடவடிக்கைக் குறிப்பில் அது இப்படிப் பதிவாயிற்று: 'எதிர்காலத்தின் கதவுகளைத் திறக்கும் சாவி இளைஞர்களுக்கு வேண்டும் என்று இணைத் தலைவர் முழங்கினார். உறுப்பினர்கள் எழுந்து நின்று கை தட்டினர்.'

இரண்டாவது வாரம், "நான் நிஜச் சாவியச் சொல்றேன் ஐயா, இரும்புச் சாவி," என்றாள். உடனே சாவித் துணைக்குழு அமைக்கப்பட்டது. தலைவி அவளே. உறுப்பினர்கள் அதே பதினான்கு பேர். கதவு என்று ஒன்று இருக்கிறதா என்று முதல் கட்டத்தில் உறுதி செய்ய வேண்டும் என்றார்கள். பதினான்கு பேரும் வரிசையாகப் போய்க் கதவைப் பார்த்தார்கள். கவிஞர் நாடா வைத்து அளந்தார். வரிசையாகத் திரும்பி வந்தார்கள். கதவு இருக்கிறது என்று கத்தரி அறிக்கை எழுதினாள், ஐந்து பிரதிகள். மூன்றாவது வாரம் பூட்டைப் பார்த்தார்கள். நான்காவது வாரம், சாவி என்பதற்கு ஏற்றுக்கொள்ளக்கூடிய விளக்கம் என்ன என்று விவாதித்தார்கள். அறிக்கைகளைத் தட்டச்சு செய்ய அவள் காலை ஐந்து மணிக்கு எழுந்தாள். மருத்துவமனையில் ஒரு கிழவருக்குப் பல் பிடுங்க நேரம் கொடுப்பதற்குப் பதிலாக, "உங்க பல் முதல் கட்டத்துல இருக்கு," என்று சொல்லி, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

குழு வாரம் மூன்று தடவை பேக்கரியின் பின்பக்கம், மாவு மூட்டைகளுக்கு நடுவே கூடியது. குதிக்க முடியாது. உட்கார்ந்து வசனம் மட்டும் சொல்லிப் பார்த்தார்கள்.

"என்ன ஆச்சு?" என்றான் பேக்கரிக்காரன், ஐந்தாவது வாரம்.

"துணைக்குழு நல்லா முன்னேறிக்கிட்டு இருக்கு. கொள்கை அளவுல யாரும் எதிர்க்கல. இனிமே பரிசீலனைதான்..."

அவன் அவளுடைய வாயையே பார்த்தான். "உங்க டாக்டர் உன் வாயில ஏதாச்சும் மாட்டி விட்டுட்டாரா?"

குழு சிரித்தது. லிஃப்டில் மாட்டிக்கொள்ளும் கர்ப்பிணியாக நடிக்கும் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, நாங்க உங்களை நம்பித்தான் வேற இடமே தேடல," என்றாள்.

வீட்டில் பதவிச் சான்றிதழை அண்ணி கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். "பெருமைக்கு இல்லடி," என்றாள். "அங்க ஒரு விரிசல் இருந்துச்சு. இப்ப தெரியல பாரு. இது வரைக்கும் அந்த மன்றத்தால நடந்த ஒரே நல்ல காரியம்."

ஏழாவது சனிக்கிழமை வந்தது. முதல் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள்தான். கத்தரி குழுவிடம் சொல்லிவிட்டாள்: நாலு மணிக்கு எல்லாரும் மன்றத்தின் வாசற்படிக்கு வந்துவிடுங்கள். ஒன்று சாவியோடு வருகிறேன், இல்லாவிட்டால் பதவியில்லாமல் வருகிறேன். ஒன்று ஐம்பத்தைந்துக்குத் தலைவர் வாய் திறப்பதற்கு முன்னால் ராஜினாமாக் கடிதத்தை மேசைமேல் வைத்தாள்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "என்ன அருமையான நடை!" என்றார்.

கடிதம் கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றியது. கவிஞர் ஓர் இடத்தில் கால்புள்ளி சேர்த்தார். ஒருவர் நகல் கேட்டார்.

"ஏழே வாரத்துல ராஜினாமா பண்ற அளவுக்கு உனக்குத் துணிச்சல் வந்திருக்கு," என்றார் தலைவர். "எங்களுக்கெல்லாம் இது வரலம்மா. எனக்கு இந்த வயசுலயும் வரல. இந்த மன்றம் இளைஞர்களை எப்படி வளர்க்குதுங்கறதுக்கு இந்த ஒரு கடுதாசி போதும், சட்டம் போட்டு மாட்டணும். நீ பக்குவப்பட்டுட்ட. இன்னிலேர்ந்து நீயும் ஆழ்ந்த ஆலோசனைக்கு வரலாம்."

இரண்டு அடித்தது. தலைவர் எழுந்தார். வரிசை எழுந்தது. மேடைக்குப் பக்கத்து நடையில், உயிருக்கு ஆபத்து என்று பலகை தொங்கிய கதவுக்கு முன்னால் போய் நின்றது. இளையோர் செயலாளர் பனியனுக்குள் கையை விட்டுக் கழுத்துச் சங்கிலியை இழுத்தார். அதில் ஒரு சாவி தொங்கியது.

"சார், சாவி உங்ககிட்டயா இருந்துச்சு?"

"முப்பது வருஷமா."

"ஆறு வாரமா துணைக்குழு போட்டுத் தேடினோமே!"

"தேடறதுக்குத்தானேம்மா துணைக்குழு," என்றார் அவர், சிறிதும் கோபமில்லாமல். "இருக்கான்னு என்கிட்ட யாரும் கேக்கலையே."

கதவு சத்தமில்லாமல் திறந்தது. கீல்களுக்கு ஒழுங்காக எண்ணெய் போட்டிருந்தார்கள்.

உள்ளே தைல வாசனையும் பழைய காலுறை வாசனையும் கலந்து கனமாக நின்றன. கனத்த திரைகள். மெதுவாகச் சுற்றும் மின்விசிறிகள். மெருகேறிய மரத்தரை, ஏழு பேர் இல்லை, எழுபது பேர் குதித்தாலும் தாங்கும். அந்தத் தரையில், நல்ல இடைவெளி விட்டு, வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் பதவி எழுதிய பித்தளைத் தகடு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்ன முக்காலி, அதன்மேல் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குவளை. பதினான்கு பேரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பல் செட்டுகளைக் கழற்றிக் குவளையில் போட்டார்கள். அவற்றில் மூன்று அவளுடைய மருத்துவமனையில் செய்தவை. அவள்தான் அளவெடுக்க நேரம் கொடுத்திருந்தாள். இரண்டே நிமிடத்தில் முதல் குறட்டை தலைவரிடமிருந்து கிளம்பியது. மற்றவை சேர்ந்த தேதிப்படி அதைத் தொடர்ந்தன.

கத்தரி உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"எப்ப இருந்து சார் இது?"

"நான் வர்றதுக்கு முன்னாடியே." இளையோர் செயலாளர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நானும் இதே சாவி கேட்டுத்தான் வந்தேன், தெரியுமா? அப்ப எனக்கு இருபத்தேழு. நாங்க அஞ்சு பேரு, பாட்டுக் குழு. பழகறதுக்கு இடம் இல்ல. மனு எழுதினேன். பதவி கொடுத்தாங்க. ஒரு வருஷம் கழிச்சுச் சாவியும் கொடுத்தாங்க."

"அப்புறம் ஏன் அவங்களக் கூட்டிட்டு வரல?"

"கூட்டிட்டு வரணும்னுதான் இருந்தேன்." அவர் கொஞ்சம் யோசித்தார். "மத்தியானம் ரெண்டு மணிக்குக் கொஞ்சம் அசதியா இருந்துச்சு."

பிறகு சட்டைப் பையிலிருந்து புதிதாக வெட்டிய இன்னொரு சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "இது உனக்கு. ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் மட்டும் உபயோகிக்கலாம். அதோ, அது உன்னோடது."

வரிசையின் கடைசியில் பதினைந்தாவது கட்டில். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. தகட்டில், 'இணைத் தலைவர் (இளையோர்)'. மற்றக் கட்டில்களைவிட அரையடி தாழ்வு.

உடனே வெளியே போயிருக்க வேண்டும். அதை அவளும் ஒத்துக்கொள்வாள். ஆனால் ஏழு வாரமாக விடியற்காலை ஐந்துக்கு எழுந்த உடம்பு அது. நாலு மணிக்குத்தானே குழு வரும், அதுவரை நின்றுகொண்டா இருப்பது, உட்காரலாம் என்று உட்கார்ந்தாள். மெத்தை நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அது அத்தனை நன்றாக இருந்தது. ஐந்து நிமிடம் தலையைச் சாய்த்தால் கொள்ளை போய்விடாது என்று தோன்றியது.

தேநீர் மணி அடித்தபோது கண் விழித்தாள். மணி நான்கு. பதின்மூன்று பேர் பல் செட்டுகளைப் பொருத்திக்கொண்டு எழுந்திருந்தார்கள். "நல்ல ஆலோசனையா?" என்று கவிஞர் அன்போடு விசாரித்துவிட்டுத் தேநீர் அறைக்குப் போனார். தலைவர் மட்டும் எழவில்லை. அவருடைய ஆலோசனை இன்னும் ஆழமானது, ஐந்து மணி வரை போகும், யாரும் எழுப்பக் கூடாது.

கத்தரி சாவியை இறுகப் பிடித்தபடி வாசலுக்கு ஓடினாள். ஆறு பேர் படியில் உட்கார்ந்திருந்தார்கள். பேக்கரிக்காரன் நின்றிருந்தான். அவள் கையை நீட்டிச் சாவியைக் காட்டினாள். அவன் சாவியைப் பார்க்கவில்லை. அவள் கன்னத்தைப் பார்த்தான். அங்கே தலையணைத் தையல், காதோரத்திலிருந்து வாயோரம் வரைக்கும் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"தூங்கினியா?"

"இல்ல... ஆழ்ந்த ஆலோசனை," என்றாள். "சாவி கிடைச்சிருச்சு. இப்போதைக்கு ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும்தான், அதுவும் சத்தமில்லாம. ஆனா இது நல்ல தொடக்கம், படிப்படியா மத்த நேரத்தையும் கேட்டுப் பரிசீலனைக்கு..."

கர்ப்பிணி வேடக்காரப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சரி," என்றான் பேக்கரிக்காரன். கோபம்கூட இல்லை. "நான் முதல் தேதி கிளம்பறேன்." திரும்பிப் படி இறங்கினான். ஒரு படி. இரண்டு படி.

தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் கத்தரிக்கு அப்போதுதான் காதில் விழுந்தன. அடுத்தவர் கழற்றி வைத்த பல் செட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. அவளுக்கு நாக்கைச் சுரண்டிக் கழுவ வேண்டும் போலிருந்தது.

"வெட்டு!" என்று கத்தினாள்.

ஒத்திகையில் அவள் அப்படிக் கத்தினால் எல்லாரும் நின்றுவிடுவார்கள். பழக்கதோஷம்; அவனும் நின்றான்.

"அந்த வசனம் வேண்டாம். மறுபடியும் கேளு."

அவன் திரும்பினான். "தூங்கினியா?"

"தூங்கினேன். நல்லாத் தூங்கினேன். எனக்குன்னு ஒரு கட்டில் போட்டு வெச்சிருக்காங்க. வாங்க, வந்து அதைத் தூக்குங்க."

முதலில் அவள் கட்டில் போயிற்று. அவளே ஒரு பக்கம் பிடித்தாள். மேடைப் பக்கமாகக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வந்தார்கள். பிறகு இளையோர் செயலாளருடையது, கவிஞருடையது, மற்றவை. திரைகளை இழுத்து ஜன்னல்களைத் திறந்தார்கள். கால் மணி நேரத்தில் கூடத்தில் ஒரே ஒரு கட்டில் மிச்சம். அதன்மேல் தலைவர் வாயைத் திறந்துகொண்டு ஆலோசித்துக்கொண்டிருந்தார்.

"ஆளோடவா?" என்றான் பேக்கரிக்காரன்.

"அவர் எழுந்திருக்கற நேரம் அஞ்சு. நமக்கு நேரமில்ல. மெதுவாப் பிடிங்க, விழுந்துடப் போறாரு. வயசானவரு."

நான்கு பேர் நான்கு காலையும் பிடித்துத் தோளுக்கு ஏற்றினார்கள். ஐந்தாமவன் பல் செட்டுக் குவளையைத் தூக்கிக்கொண்டான். கட்டில் நடை வழியாக, தேநீர் அறையின் திறந்த கதவைக் கடந்து போயிற்று. உள்ளே பதின்மூன்று கோப்பைகள் பாதி வழியில் நின்றன.

தலைவர் நகர்கிறார். எப்படி நகர்கிறார், ஏன் நகர்கிறார் என்றெல்லாம் கேட்க விதியில் இடமில்லை. கோப்பைகள் கீழே இறங்கின. பதின்மூன்று பேரும் எழுந்தார்கள், பிஸ்கட்டை வாயில் அதக்கிக்கொண்டு, சேர்ந்த தேதிப்படி வரிசையாகக் கட்டிலுக்குப் பின்னால் நடந்தார்கள். கவிஞர் பக்கத்திலிருந்தவரிடம், "ஏற்பாடு பிரமாதம். அழைப்பிதழே வரலையே?" என்று கேட்பது கத்தரிக்குக் கேட்டது.

வாசற்படியில் கட்டில் சாய்ந்தபோது தலைவர் விழித்துக்கொண்டார். மேலே வானம், கீழே இளைஞர்களின் தோள்கள், பின்னால் மன்றம் முழுவதும். ஒரு கணம்கூட அவர் திகைக்கவில்லை. கையை நீட்டினார். குவளை வந்தது. பல்லைப் பொருத்திக்கொண்டு தெருவைப் பார்த்துக் கையசைத்தார். "இளைஞர்களே! இந்த நாளைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்!" என்று தொடங்கினார்.

நடைபாதையில், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கட்டிலை இறக்கினார்கள். பதின்மூன்று பேர் பின்னால் வரிசையாக நின்றார்கள். நிறுத்தத்தின் பெஞ்சில் இடமில்லாததால் காய்கறிப் பையோடு நின்றிருந்த ஒரு பெண், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தலைவர் பேச்சை நிறுத்தாமல் காலை மடக்கி இடம் கொடுத்தார்.

"பெரியவரே," என்றாள் அந்தப் பெண், பேச்சு மூச்சு வாங்கிய இடத்தில். "இந்தக் கட்டில தினமும் இங்க போடுவாங்களா?"

"பரிசீலிக்கிறோம்மா," என்றார் தலைவர்.

கத்தரி வாசற்கதவைச் சாத்த வந்தபோது படியில் இளையோர் செயலாளர் மட்டும் திரும்பி வந்து நின்றிருந்தார். வரிசையில் அவருக்குப் பின்னால் ஓர் இடம் காலி.

"வாம்மா," என்றார். "கடைசி ஆள் நீதான். நீ வரலைன்னா மறுபடியும் நான்தான் கடைசி."

"சார், நீங்க வேணும்னா உள்ள வாங்க. பாட்டு இன்னும் ஞாபகம் இருக்கா?"

அவர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், ஜன்னல் வெளிச்சம் விழுந்த நடையை எட்டிப் பார்த்தார். அவருடைய வாய் எதையோ தொடங்கப் பார்த்த மாதிரி அசைந்தது. தெருவில் தலைவர் குரலை உயர்த்தினார். இளையோர் செயலாளர் தொப்பியைச் சரி செய்துகொண்டு, படியிறங்கிப் போய் வரிசையில் நின்று கை தட்டினார்.

கத்தரி கதவைத் தாழிட்டாள்.

பின்கூடத்தில் ஏழு பேரும் லிஃப்டின் அளவுக்குச் சதுரமாக நின்றிருந்தார்கள். தைல வாசனை இன்னும் போகவில்லை. போக நாளாகும். திங்கட்கிழமை யார் வந்து கதவைத் தட்டுவார்கள், என்ன கடிதம் வரும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. பேக்கரிக்காரன் விரலை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டான்.

"இன்னும் தடம் போகல."

"தெரியுது. தொடாத, எனக்கே அசிங்கமா இருக்கு. உன் இடத்துல போய் நில்லு." சொல்லிவிட்டு, அவன் நகர்வதற்குள், வெட்டாமல் கேட்டாள்: "முதல் தேதி?"

அவன் தன் இடத்தில் போய் நின்று, முழங்காலை மடக்கி, குதிக்கத் தயாரானான்.

"அன்னிக்கு ஒத்திகை எத்தனை மணிக்குன்னு சொல்லு," என்றான்.